விடைத்தாளில் என் கையெழுத்து

நான் ஏட்டு; காவல் நிலையத்தில் எனக்கு ரைட்டர் வேலை. பதினேழு வருடமாக எழுதுகிறேன், என் மனதில் பட்டதை ஒரு வரிகூட எழுதியதில்லை. யார் வந்தார், என்ன சொன்னார், எத்தனை மணி. அடியில் கையெழுத்து, பதவி, நம்பர். எங்காவது அடித்துத் திருத்தினால் அதன் பக்கத்திலும் இனிஷியல் போட வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது.

பத்தாம் வகுப்போடு வேலைக்கு வந்தவள் நான். நாற்பத்து மூன்று வயதில் பட்டப்படிப்பு ஆசை பிடித்துக்கொண்டது. பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஞாயிறுதோறும் தென்காசியில் தயாரிப்பு வகுப்பு நடந்தது. கடைசியில் ஒரு பரீட்சை. அதில் தேறினால்தான் சேர முடியும்.

முதல் கட்டுரை, குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் உடனே குளிக்கத் தடை போட வேண்டுமா என்பது. சீசன் டியூட்டி பார்த்தவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான டீச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நடந்தத நல்லா எழுதியிருக்கிய. நீங்க என்ன நெனைக்கியன்னு எங்கனயும் காணலயே?"

நான் நினைப்பது ஒன்று இருக்கத்தான் செய்தது. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் டியூட்டியில் நின்ற ஒரு மாலை, வெள்ளம் வருவதற்கு அடையாளமாகத் தண்ணீர் செந்நிறமாகி, சுள்ளிகள் விழ ஆரம்பித்தன. "இன்னும் அஞ்சு நிமிசம்க்கா" என்று கெஞ்சினார்கள். விட்டேன். ஒரு தாயின் பிடியிலிருந்து பிள்ளை நழுவியது; யாரோ ஒருத்தி அதன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனாலும் அந்த வகுப்புகள் முடியும்வரை எந்தக் கட்டுரையிலும் 'நான்' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும்.

பரீட்சையன்று வாசலில் கீழப்பாவூர் மளிகைக்கடை அண்ணாச்சி, கூடப் படிப்பவர், எச்சரித்தார். "ஏட்டம்மா, பேப்பர்ல நாம யாருன்னு தெரிஞ்சிரக் கூடாது. தெரிஞ்சா செல்லாதுன்னு தள்ளிருவாவளாம்."

உள்ளே, விரும்பிய தலைப்பில் உங்கள் கருத்தை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். இந்த முறை பேனா நிற்காமல் எழுதினேன். 'தடை உடனே வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தவள் நான். இன்றும் பயமாக இருக்கிறது.' முடித்துப் பார்த்தால் அடியில் என் கையெழுத்து, பதவி, நம்பர்.

அதைப் பரபரவென்று அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என் பாழாய்ப்போன கை இனிஷியலும் போட்டது. மணி அடித்து, தாளை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே அண்ணாச்சி சிரித்தபடி நின்றார். "என்ன ஏட்டம்மா, நெனைச்சத எழுதிட்டியளா?"

"எழுதிட்டேன் அண்ணாச்சி. எழுதுனது நான்தான்னு கையெழுத்தும் போட்டுட்டேன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ரிசல்ட் இன்னும் வரவில்லை.