மச்சானுக்காக அழுத வெள்ளிக்கிழமை

பிள்ளைகளா, உங்கள் மாமா டுரியான் பழத்தோடு ஜெபத்துக்குள் புகுந்த கதையை அம்மா ஒரு மாதிரி சொல்கிறாள், மாமா வேறு மாதிரி சொல்கிறார். உங்கள் அப்பா நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்தவன், அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாம் கோலா சாவா பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். நீங்கள் ரொம்பச் சின்னப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபைக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். பாட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு பேர் சொல்ல வேண்டும், இன்னும் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாத சொந்தக்காரர் பேர். அவருடைய இரட்சிப்புக்காக எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஜெபிப்போம். சும்மா இல்லை, அழுது ஜெபிப்போம். கண்ணீர் வராவிட்டால் ஜெபம் தகரக் கூரையைக்கூடத் தாண்டாது என்பது எங்கள் சபை அக்காமாரின் எண்ணம்.

நான் எப்போதும் சொல்வது உங்கள் மாமா பேர்தான். அம்மாவின் ஒரே அண்ணன். அம்மா என்னைக் கட்டிய பிறகு ஞானஸ்நானம் எடுத்தாள். அவரோ கோயில் கமிட்டி ஆள், தீமிதிக்கு முதலில் இறங்குகிறவர். எனக்கு அவர்மேல் உயிர். அவர் இல்லாத பரலோகத்தில் நான் யாரோடு உட்கார்ந்து கதை பேசுவது?

அன்றைக்கு நம் வீட்டு முறை. அந்த வாரந்தான் அம்மா மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ரத்தம் சோதித்திருந்தாள். ரிசல்ட்டை அவளே வாங்கி வந்தாள், சொல்லத்தான் நேரம் இல்லை. அதைக் கேட்க மாமா தம்பின் ஊரிலிருந்து டுரியானோடு வந்தவர், லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கமாக நடந்து வந்திருக்கிறார். உள்ளே அவர் பேரைச் சொல்லி அத்தனை பேரும் அழுகிறோம்.

"ஆண்டவரே, காலம் ரொம்பக் குறைச்சலா இருக்கே! இந்த மகன் போறதுக்கு முன்னால தொடுங்கப்பா!" என்று ஓர் அக்கா தரையை அடித்து அழுகிறார்.

கதவு படார் என்று திறந்தது. மாமா நின்றார். இரண்டு கையிலும் டுரியான், கண்ணெல்லாம் தண்ணீர்.

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "அல்லேலூயா! ஆண்டவரே கொண்டுவந்துட்டார்!"

எல்லாரும் கை தட்டினோம். பாஸ்டர் ஓடிப்போய் மாமாவைக் கட்டிப்பிடித்தார், டுரியான் முள் குத்தியும் விடவில்லை.

"எத்தனை நாள்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார் மாமா.

"நாள் என்ன நாள்? இன்னிக்கே! இப்பவே!" என்றார் அக்கா.

மாமா கையிலிருந்து டுரியான் விழுந்தது. பாஸ்டர் ஒற்றைக் காலில் குதித்தார். நாங்கள் அதையும் பரிசுத்த ஆவியின் அசைவு என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினோம்.

உங்கள் அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அண்ணே! உனக்கு ஒண்ணும் இல்லண்ணே! இனிப்பு நீர் வியாதி ஆரம்பம், சர்க்கரைதான், மருந்து போட்டாப் போதும்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

மாமா உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. டுரியானை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார். அவர் எடுத்த சுளையை அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"பின்ன எதுக்கு மாப்ள என் பேரச் சொல்லி ஒப்பாரி வச்சீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "நீங்க இரட்சிக்கப்படணும் மச்சான். பரலோகத்துல நீங்களும் எங்ககூட இருக்கணும்."

அவர் விரலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். கோபம் வரப்போகிறது, இனி வீட்டுப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன்.

"அங்கயும் உன்கூடத்தானா?" என்றார். வீடே சிரித்தது. பிறகு மெதுவாக, "சொல்லிக்கிட்டே இரு மாப்ள, என் பேரை. ஆனா அழாமச் சொல்லு லா. உசிரு போயிடுது எனக்கு."

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது, செம்பனை மரங்களுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முழங்கால் போட்டேன். மச்சான் பேரைச் சொன்னதுமே கண் நிறைந்தது. எழுந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முழங்கால் போட்டு, முதலிலிருந்து சொன்னேன்.