நான்கு பிரதிகளில் ஒரு பெட்டிஷன்

கஜேந்திரனுக்குச் சம்பளம் கொடுப்பவன் நான். அவன் உழைப்பதோ உலகத்துக்கு. லுணுகலை டவுனில் என் ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பான், கலியாண பேனர் செய்வான். கொஞ்சம் ஓய்ந்தால் போதும், ஒரு படத் திருத்த மென்பொருளின் வயிற்றுக்குள் புகுந்துகொள்வான். நாங்கள் கடையில் பாவிப்பதும் அதைத்தான். இலவசமாகக் கிடைப்பது, சொந்தக்காரர் என்று யாரும் இல்லாதது. விருப்பப்பட்டவர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு சும்மாவே பழுது பார்க்கிறார்களாம்.

“அப்ப சிரமதானம்னு சொல்லு,” என்றேன்.

“ஆமாண்ணே. மம்பட்டியோட வர்றது நாலு பேரு, அந்த ரோட்டுல போறது நாலு கோடிப் பேரு.”

அதில் எந்தப் பகுதியை அவன் பார்க்கிறான் என்று நான் கேட்டதே இல்லை. சொன்னால் எனக்கு விளங்கவா போகிறது என்ற நினைப்பு.

தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவன், முப்பத்திரண்டு வயது. நிரல் எழுதுவதை ஃபோனைப் பார்த்தே படித்துக்கொண்டான். ஏழு வருடமாக இந்தத் தொண்டு. மனைவி விதுஷா ஒருநாள் கடை வாசலில் நின்று கொட்டித் தீர்த்தாள். “நம்ம வீட்டுத் தகரம் ஒழுகுது. இவரு வெள்ளக்காரனுக்கு ஓட்டை அடைக்கிறாரு.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரிக்க நிறையவே இருந்தது. அவன் எழுதும் திருத்தத்தை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்தார், அவருக்கும் உதவிக்கு ஆளில்லை. மனைவி பிள்ளைத்தாச்சி என்று ஒதுங்கினார். பிள்ளை பிறந்து தவழவும் தொடங்கிவிட்டது. கஜேந்திரனின் பதினொரு வரி அப்படியே கிடந்தது.

இனி என் பெருமை. சுற்றுவட்டத் தோட்டங்களில் பைப்பில் தண்ணீர் வராவிட்டால், லயத்துக் கூரை பறந்தால், தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பெட்டிஷன் எழுதுவது நான்தான். குறை என்று ஒன்று இருந்தால் மேலே ஒரு துரை இருப்பார். பணிவாகத் தொடங்கிக் காட்டமாக முடிக்க வேண்டும். பிரதிகள் தொழிற்சங்கத்துக்கும் அமைச்சருக்கும் போக வேண்டும். இதில் என்னை அடிக்க ஆளில்லை.

மாசியில் இராக்கம்மா இறந்துபோனார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த மனுஷிக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. யாரோ வீட்டுக் கலியாணத்தில், ஓரமாக, கையில் தட்டோடு. அதிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பத்தடி பேனரில் போட்டு, பிரேதம் எடுக்குமுன் சந்தியில் கட்ட வேண்டும். கஜேந்திரன் மாமியார் வீட்டுக்கு மொனராகலை போயிருந்தான். நானே உட்கார்ந்தேன். வெட்டி முடித்துச் சேமிக்கும்போது மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கடைசியில் சந்தியில் தொங்கியது ஒரு குத்துவிளக்கும் இராக்கம்மாவின் பெயரும். மகன் மாடசாமி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறியிருக்கும். வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமே கோபமாயிற்று.

எழுதினேன் பெட்டிஷன். தோட்டத்துச் சாவு வீடு என்றால் வெளிநாட்டுத் துரை மதிக்க மாட்டார் என்று, ‘முன்னணி விளம்பர நிறுவனம்’ என்று போட்டுக்கொண்டேன். சும்மா செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதையும் மறந்து, கொழுத்த சம்பளம் வாங்கிக்கொண்டு குறட்டை விடுகிறீர்களா என்று முடித்தேன். ஃபோன் அதை ஆங்கிலமாக்கித் தந்தது. பிரதி அனுப்ப அங்கே அமைச்சர் யாரும் இல்லாததால், அந்த மென்பொருளின் இணையப் பக்கத்திலேயே நான்கு இடங்களில் போட்டேன்.

மறுநாள், ஃபோன் ‘மூடுபனி’ என்று தமிழாக்கித் தந்த புனைபெயரில் ஒருவர் நான்கு இடத்திலும் பதில் எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும், தெரிந்த குறைதான், இந்தப் பகுதிக்கு இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன், முயல்கிறேன் என்று. துரை பயந்துவிட்டார்! விடுவேனா? சாக்குப்போக்கு வேண்டாம், வாங்கும் சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள் என்று நான்கிலும் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் கஜேந்திரன் சரியில்லை. சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனான். வீட்டில் சண்டையாக்கும் என்று கிண்டலடித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்பினான்.

“அண்ணே, ஒரு லெட்டர் எழுதித் தாங்க. விலகிக்கிறேன்னு.”

“ஏன்டா, இங்க என்ன கொற?”

“ஐயோ, கடைய இல்லண்ணே. அந்தச் சிரமதானத்த. நீங்க தமிழ்ல எழுதுங்க, நான் மாத்திப் போட்டுக்கிறேன். மரியாதையா விலகணும்.”

“ஏழு வருஷமா விடாதவன், இப்ப என்ன?”

திரையைக் காட்டினான். “எவனோ பெரிய கம்பெனிக்காரன். நாலு எடத்துல போட்டிருக்கான். சம்பளத்துக்கு வேல செய்யுன்னு. தாமதம்னு எத்தனயோ பேரு ஏசியிருக்காங்க. இது மட்டும் தாங்க முடியலண்ணே.”

“மூடுபனிங்கிறது?”

“நாந்தான்.”

என் வாக்கியங்கள் ஆங்கிலத்திலும் கம்பீரமாகத்தான் இருந்தன. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஏழு வருடம் இயன்றதைச் செய்தேன், உடலும் மனமும் ஓய்வு கேட்கின்றன என்று பாதி வரை எழுதினேன். அங்கேயே பேனாவைக் கீழே வைத்தேன்.

“கஜே, அந்தக் கம்பெனி நம்ம ஸ்டூடியோதான்டா. இராக்கம்மா பேனர் அன்னைக்கு… ஏதோ வெளிநாட்டுத் துரைன்னு நெனச்சு எழுதிட்டேன்.”

திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெனமும் பக்கத்துலதானே ஒக்காந்திருக்கேன். மொனராகலையில இருந்து வந்ததும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பாத்திருக்கலாமேண்ணே.”

பிறகு கடிதத்தை மீதியும் எழுதித் தரச் சொன்னான். எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பிவிட்டான். இரு என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

நாலு மாதமாயிற்று. அங்கே அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. போன வாரம் இன்னொரு சாவு வீட்டுப் பேனர் வந்தது, மென்பொருள் இரண்டு தடவை மூடிக்கொண்டது. அவனிடம் சொன்னால் மறுக்காமல் வந்து உட்காருவான். அது தெரிந்ததால்தான் எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்றாம் தடவையாக நானே வெட்டத் தொடங்கினேன்.