கை காட்டினால் நிற்க வேண்டிய வண்டி

அந்த பிக்கப் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஆசையால் இல்லை, பயத்தால். யாரும் நம்பவில்லை. சம்பளம் ஏறியதும் கொழுப்பும் ஏறிவிட்டது என்று என் நாத்தனார் சொன்னதாகக் கேள்வி. சொல்லட்டும். திருப்போரூர் ரோட்டில் ஜல்லி டிப்பர் ஒன்று என் சின்னக் காரை உரசி, பக்கக் கண்ணாடியைப் பிய்த்து, கதவை நசுக்கிவிட்டு நிற்காமல் போனபோது உள்ளே உட்கார்ந்திருந்தது அவளா, நானா?

உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எதிரே டிப்பர் வந்தால் என் கை நடுங்கும். ஓரம் கட்டி நிறுத்திவிடுவேன். செங்கல்பட்டிலிருந்து நாவலூரில் இருக்கும் என் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் எத்தனை டிப்பர் வரும் என்று அந்த ரோட்டில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தினமும் தாமதம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மேனேஜர் அக்கறையாக விசாரிக்க ஆரம்பித்தார். அந்த அக்கறை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதில்லை. ஊர் பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வண்டி ஓட்ட முடியவில்லை என்றால் வேலையை விட வேண்டியதுதான். எங்கள் தெருவில் கழனிக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். ஒரு ஜல்லி லாரிக்குப் பயந்து அதை விடுவதா? நினைத்தாலே வயிறு எரிந்தது.

அதனால்தான் அந்த பிக்கப். நாலு கதவு, லாரிக்காரன் கண்ணுக்கு நேராக உட்காரும் உயரம், மிதித்தால் பாயும் எஞ்சின், பின்னால் திறந்த தொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் போகும் ஈசிஆரில் பணக்காரப் பையன்கள் உறுமவிட்டு ஓட்டுவார்களே, அதுதான். எனக்கு உறுமல் வேண்டாம், அந்த உயரம் மட்டும் போதும்.

என் வீட்டுக்காரர் மதுராந்தகம் ஆபீஸுக்கு ரயிலில் போய் வருகிறவர். அவருக்குச் சிரிப்பு.

"லோடு வண்டி ஓட்டிகினு ஆபீஸ் போவியா? செக்யூரிட்டி உன்ன பின்கேட்டாண்ட போவச் சொல்லுவான்."

"போறேன். டிப்பர்காரன் இடிச்சா அவன் வண்டிதான நசுங்கும், என்து இல்லியே."

"சரியான பேஜாரு புடிச்சவடி நீ."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களோடு இருக்கும் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த வண்டி பின்னாடி தொறந்தா கீது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பவும் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் பெரியம்மாவும் திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களுக்கு நடவுக்குப் போனது அப்படித் திறந்த வண்டிகளில்தான். மேஸ்திரியும் டிரைவரும் முன்னால், பெண்கள் எல்லாரும் பின்னால் நின்றுகொண்டு. கூட்டி வந்த வண்டி ஏமாற்றிவிட்டால் ரோட்டில் நின்று கை காட்டுவார்கள். காலியாகப் போகும் லோடு வண்டி நிற்க வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நிற்காமல் போகிற டிரைவரின் ஏழு தலைமுறையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அப்படி நின்று ஏற்றிக்கொண்ட ஒரு வண்டி, வளைவில் சட்டென்று ஒடித்துத் திரும்பியதில் பெரியம்மா வெளியே விழுந்தாள். அம்மா எட்டிப் பிடித்தாள். புடவை முந்தானை மட்டும் கையில் கிழிந்து வந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் பெரியம்மா போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அம்மா அதே மாதிரி இன்னொரு வண்டியில் ஏறி நடவுக்குப் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

ஓட்டிப் பார்க்க வரச்சொல்லி ஷோரூமில் இருந்து கூப்பிட்டபோது, நானும் வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். அங்கே பளபளவென்று நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். நான் முன் கதவைத் திறந்து ஏறப் போனேன். அம்மா பாட்டுக்குப் பின்னால் போய், பம்பரில் ஒரு காலை வைத்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்துவிட்டாள்.

விற்பனைக்காரப் பையன் சிரித்துவிட்டான். "அம்மா, அது சாமான் வெக்கிறதுக்கு. நீங்க உள்ள ஏசில உக்காருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் மேல் ஆத்திரம், அம்மா மேல் ஆத்திரம். இத்தனை வருஷம் காரில் கூட்டிப் போயிருக்கிறேனே, இன்னும் என்ன? "இங்க வாம்மா" என்று அதட்டி, பின் ஸீட்டில் ஏற்றினேன். முழங்கால் வலிக்கு அந்த உயரம் அவளுக்குப் பெரும் பாடு. ஏறியவள் சாய்ந்துகூட உட்காரவில்லை.

பையன் என் பக்கத்தில் உட்கார, திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. எதிரே ஒரு டிப்பர் வந்தது. கை நடுங்கவில்லை. லாரிக்காரனை நேருக்கு நேர் பார்த்தேன். அவன்தான் ஓரம் ஒதுங்கினான். வாங்கிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் போகிற வழியில், நடவு முடிந்த பெண்கள் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். முழங்கால் வரை சேறு. பக்கத்தில் ஒரு லோடு வண்டி டயர் கழற்றிக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிறுத்துடி," என்றாள் அம்மா.

"மேடம், பின்னாடி ஆளு ஏத்தக் கூடாது. கேஸ் ஆயிடும்," என்றான் பையன்.

அவன் சொன்னது சரி. பெரியம்மாவைப் பறிகொடுத்த எனக்கு அவன் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் அம்மா திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலி வண்டி," என்றாள். அவ்வளவுதான். பிரேக்கை மிதித்தேன்.

பெண்கள் ஓடி வந்தார்கள். நான் இறங்கிப் பின் ஸீட்டுக் கதவைத் திறந்து, முடிந்தவரை உள்ளே நெருக்கி உட்காரச் சொன்னேன். முன்னால் வந்தவள் ஸீட்டைப் பார்த்துப் பின்வாங்கினாள். "ஐயோ, சேறு யக்கா. ஸீட்டு பாழாப் பூடும். நாங்க இப்டியே பின்னாடி குந்திக்கிறோம்." நான் பேசி முடிப்பதற்குள் எல்லாரும் தொட்டியில் ஏறிவிட்டார்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளும் அவர்களோடு ஏறினாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்கிற ஜாதியா அவள்?

மாட்டுவண்டி எங்களை முந்தியிருக்கும், அப்படி ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, ஒவ்வொரு வளைவுக்கும் கும்பிட்டு. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். கண்ணாடியில் பார்த்தேன். பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. விளிம்போரம் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றி, கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர்கள் ஊர் முனையில் இறங்கிப் போனார்கள். பையன் தொட்டியில் ஒட்டிய சேற்றைப் பார்த்துவிட்டு, "பவர் எப்படி மேடம்? புக் பண்ணிடலாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். திறந்த வண்டி வைத்துக்கொண்டு இந்த ரோட்டில் கை காட்டுகிறவர்களைத் தாண்டிப் போக என்னால் ஆகாது. அவர்களைத் தொட்டியில் ஏற்றவும் என்னால் ஆகாது. அவனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? விலை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் சின்னக் காரை எடுத்தேன். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர?"

"நாவலூர் வரைக்கும். திரும்ப பஸ் கீதுல்ல."

திருப்போரூர் ரோட்டில் முதல் டிப்பர் எதிரே வந்தது. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. என் துப்பட்டா இழுபட்டது போலிருந்தது. பார்த்தால், அம்மா அதன் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"விடும்மா, ஓட்டணும்."

"நீ ஓட்டு. நான் புடிச்சிகினு கீறேன்."

நாவலூர் வரைக்கும் அவள் விடவே இல்லை.