தேர் நகராத நேரத்தில் ஒரு மஞ்சள் கோடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு மாசி மாதக் காலையில், காஞ்சிபுரத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இது நடந்தது. அப்போது நான் வாலாஜாபாத் பக்கம் வேறொரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்துவந்தேன். செய்முறைத் தேர்வை நடத்த ஒரு பள்ளியின் ஆசிரியரை இன்னொரு பள்ளிக்குப் புறத்தேர்வாளராக அனுப்புவார்கள். அந்த முறையில்தான் நான் அங்கே போனேன்.

அன்றைக்கு அம்மன் கோவில் தேர். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே திருப்பிவிட்டதால் நடந்தே பள்ளியை அடைந்தேன். தெருக்களின் குறுக்கே சென்ற மின்கம்பிகளை அவிழ்த்துச் சுருட்டிக் கம்பங்களில் மாட்டியிருந்தார்கள். தேரின் உச்சி கம்பியில் பட்டுவிடக் கூடாது என்பதால், அது கடந்து போகும்வரை அந்த வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவைப்பது அந்த ஊர் வழக்கம். பள்ளியும் அந்த வீதிகளில் ஒன்றில்தான் இருந்தது.

அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை என்னோடு சேர்ந்து தேர்வை நடத்த வேண்டியவர். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மின்சாரத்தைப் பற்றி நான் கேட்டபோது அவர் சிரித்தார்.

“விடியக்காலையில வடம் புடிச்சா ஒம்பது மணிக்கெல்லாம் நம்ம தெருவைத் தாண்டிடும் சார். சின்ன வயசுலேருந்து பாத்துக்கினு இருக்கேன். நாம ஆரம்பிக்கறப்போ கரண்ட்டு வந்துடும்.”

அனுபவத்தின் மேல் போட்ட கணக்கு அது. எந்த வருடமும் பொய்க்காத அந்தக் கணக்கு அந்த வருடம் பொய்த்தது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிச் சரியாக மூடாத பள்ளம் ஒன்று தெருமுனையில் இருந்திருக்கிறது. தேர் அங்கே திரும்பும்போது ஒரு சக்கரம் அதில் இறங்கிவிட்டது. தேர்வு தொடங்கும் மணி அடித்தபோதும் தேர் அந்த முனையிலேயே நின்றது.

மாணவிகள் சீட்டு எடுத்தார்கள். எடுத்த சீட்டில் எந்தச் சோதனையோ அதைத்தான் செய்ய வேண்டும். பெரும்பாலான சோதனைகளுக்கு மின்கலம் போதும். சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். ஒளி வளையும் கோணத்தை அளக்கும் நிறமாலைமானிக்கு மட்டும் சோடியம் ஆவி விளக்கு வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். அந்தச் சீட்டு வந்த மாணவி அதை இருமுறை படித்துவிட்டு, அணைந்துகிடந்த விளக்கைப் பார்த்தாள். பக்கத்து மேசைகளில் அடங்கிய சிரிப்பு எழுந்தது.

“உங்கப்பாதான்டி தேர நிறுத்தி வெச்சுக்கினு கீறாரு” என்றாள் ஒருத்தி. “போய்க் கட்டைய எடுக்கச் சொல்லு, கரண்ட்டு வரட்டும்.”

அவளுடைய தந்தை மற்ற நாட்களில் தச்சு வேலை செய்பவர் என்பதும், தேரன்று சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பி நிறுத்தும் குழுவில் ஒருவர் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்கப்பா கட்டைய எடுத்தா தேரு நேரா லேபுக்குள்ள வந்துடும். பரவாயில்லயா?”

தேர்வு அறையில் பேசக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பை மறைக்க முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வது மட்டுமே அந்த நேரத்தில் எனக்குச் சாத்தியமாக இருந்தது.

விளக்கு இல்லாமல் செய்யக்கூடியதை அவள் செய்து முடித்தாள். கருவியைச் சன்னலருகே கொண்டுபோய், அதன் தொலைநோக்கியைத் தொலைவிலிருந்த கோபுரத்தின் மேல் திருப்பி, தலைகீழாகத் தெரிந்த கலசங்கள் தெளிவாகும்வரை சரிசெய்தாள். மேசை மட்டத்தைப் பார்த்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆசிரியை என்னை ஓரமாக அழைத்தார். வேறு சீட்டு எடுக்கச் சொல்லலாம். ஆனால் சோதனையை மாற்றிக்கொண்டால் மதிப்பெண் குறைப்பது அப்போது எங்கள் பக்கத்து நடைமுறை.

“அது மட்டும் வேணாம் சார். இந்தப் பொண்ணுக்கு...”

“டீச்சர், அந்தப் பெண்ணோட பதிவெண்ணைத் தவிர வேற எதுவும் எனக்குத் தெரியக் கூடாது.”

“தெரியாத மாதிரியே கேட்டுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார். “இஞ்சினீரிங் செலவுக்கெல்லாம் அவங்க வீட்டுல வழியில்ல. மெட்ராஸ்ல கவர்மெண்ட் காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் கெடைச்சா ஹாஸ்டல்ல விடறேன்னு அவங்க அப்பா சொல்லியிருக்காரு. கெடைக்கலன்னா டைப்ரைட்டிங் கிளாஸோட சரி. அந்தக் காலேஜ்ல ஒரு மார்க்குல சீட்டு போவுது சார்.”

காத்திருக்கலாம் என்றால் தேர் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரத்தை நீட்டலாம் என்றால் பிற்பகல் அணி வெளியே வந்து நிற்கும். நேரம் முடிந்தால் முடிந்ததுதான். விதிக்குள் இருந்துகொண்டு அவளுக்குச் செய்யக்கூடியது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது அந்த மாணவி கையை உயர்த்தினாள்.

“சார், லேம்புதானே எரியல? சோடியம் எங்கயும் போவலயே.”

“என்னம்மா சொல்ற?”

“உப்புல இருக்குதே சார். அடுப்புல குழம்பு பொங்கி ஊத்துனா மஞ்சளா எரியுமே, அதே மஞ்சள்தானே இதுவும்? ஸ்பிரிட் லேம்பும் கொஞ்சம் உப்பும் கெடைச்சா நான் செஞ்சுடுவேன்.”

சுடரில் உப்பு பட்டால் சோடியத்தின் மஞ்சள் ஒளி எழும் என்பது நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்த செய்திதான். அதை வைத்து ஒரு தேர்வை நடத்தலாம் என்று ஒரு மாணவி கேட்பது அதுவே முதல் முறை. விளக்கு இன்ன வகையில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தந்திருந்த குறிப்புகளில் எந்த வரியும் இல்லை. ஒற்றை நிற ஒளி என்று மட்டுமே இருந்தது.

“மேல யாராவது கேட்டா?” என்றார் ஆசிரியை.

“கேட்டா நான் பதில் சொல்றேன்” என்றேன்.

ஆய்வக உதவியாளர் வாசலில் நின்று தேர்ச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் என்றதும் அவர் கைகளை விரித்தார். “ஸ்பிரிட்டா? நம்ம சம்பளத்தைவிட லேட்டா வர்ற ஐட்டம்மா அது. டீ போடற பம்ப் ஸ்டவ்வு வேணா கீது. அத எடுத்தாந்துட்டா சாருக்கு டீ கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்.”

தேநீரைத் துறப்பதாக நான் உறுதியளித்தேன். பள்ளி வாசலில் தேர் பார்க்க வந்தவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கிண்ணம் உப்பு வந்தது. சிறிய துணித்துண்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பி ஒன்றில் இறுகச் சுற்றி, தாங்கியில் பொருத்தினாள். உதவியாளர் மூச்சுப் பிடித்துப் பம்ப் அடித்தார். கருவியின் ஒளிப்பிளவுக்கு முன்னால் வைத்த ஸ்டவ்வின் நீலச் சுடருக்குள் கம்பி நுழைந்ததும் சுடர் முழுவதும் மஞ்சளாக மாறியது. அந்த மூலையின் சன்னல்களைச் சாத்தினோம்.

ஒரே நிறமுள்ள ஒளியில் மற்ற நிறங்கள் இல்லாமல் போகும். அவளுடைய சிவப்பு ரிப்பன் கறுத்துவிட்டது. எங்கள் எல்லோர் முகமும் சாம்பல் பூத்தது. “ஐயோ, டீச்சரைப் பாருடி” என்று ஒரு குரல் எழுந்து உடனே அடங்கியது. உதவியாளர் தம் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இந்த லைட்ட மட்டும் பட்டுக்கடையில போட்டா ஒரு பொடவ விக்காது.”

அவள் எதையும் காதில் வாங்கவில்லை. தொலைநோக்கியில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, “தெரியுது சார்” என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். சரிபார்க்க வேண்டியது தேர்வாளரின் கடமை என்பதால் குனிந்து பார்த்தேன். இருட்டின் நடுவே மெல்லிய, நேரான, சற்றே நடுங்கும் ஒரு மஞ்சள் கோடு. வழக்கமான விளக்கில் பார்ப்பதைவிட மங்கல்தான். ஆயினும் அளப்பதற்குப் போதும்.

முப்பட்டகத்தை வைத்து மேசையைச் சிறிது சிறிதாகத் திருப்பினாள். கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பத் தொடங்கும். அந்த நிற்கும் இடம்தான் வேண்டும். அதைப் பிடித்து, தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியைக் கோட்டின் மேல் பொருத்தி, திருகை இறுக்கினாள். அளவைப் படிக்கக் குனிந்த அதே நேரத்தில் தெருமுனையில் பெரிய ஆரவாரம் கேட்டது. தேர் எழுந்துவிட்டது. எங்கள் சன்னல்களுக்கு வெளியே நிழலாகக் கடந்து, மேளச் சத்தத்தோடு அடுத்த தெருவுக்குள் போனது. யாரும் எழுந்து பார்க்கவில்லை. கைகள் மட்டும் ஒரு கணம் கூப்பிப் பிரிந்தன.

அவள் அளவைப் படித்து எழுதி, கணக்கையும் போட்டு முடிக்கும் தறுவாயில் மின்விசிறி சுழன்றது. சோடியம் விளக்கு முதலில் சிவந்து, மெல்ல மெல்ல மஞ்சளுக்கு வந்தது.

“சார், இன்னும் டைம் இருக்குதே. இதையும் வெச்சுப் பாக்கட்டுமா?”

ஸ்டவ்வை நகர்த்திவிட்டு விளக்கை அந்த இடத்தில் வைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தவள் அப்படியே இருந்தாள். நானும் பார்த்தேன். கோடு இப்போது பிரகாசமாக இருந்தது. குறுக்குக் கம்பி அதன் நடுவிலேயே நின்றது, மயிரிழைகூட விலகவில்லை. பந்தலில் மோருக்குப் போட்ட உப்பும், எங்கிருந்தோ பெட்டியில் வந்த விளக்கும் ஒரே இடத்தைச் சொல்லின. அப்படித்தான் சொல்லும் என்று அறிந்தே இருந்தேன். அறிந்திருந்தும் மறுபடி குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

விதிப்படி அவளுக்கு உரிய மதிப்பெண் முழு மதிப்பெண்; அதையே போட்டேன்.

நான் கிளம்பும்போது அவளுடைய தந்தை வாசலில் நின்றார். உடம்பெல்லாம் புழுதி, முழங்கையில் சிராய்ப்பு, கையில் மோர்க் குவளை. தேர்வு முடிந்துவிட்டதால் பேசுவதில் தவறில்லை என்று நின்றேன்.

“சார், தேரு லேட்டானதுல பொண்ணுக்கு ஏதும் ஆயிடலயே?”

“ஒண்ணும் ஆகலைங்க. நல்லா செஞ்சுது.”

“கரண்ட்டு இல்லாமயா?”

“கரண்ட்டு இல்லாமதான்.”

குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: “இத மேல படிச்சா இன்னா ஆவலாம் சார்? நாலு பேரு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல.”

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஆசிரியர் ஆகலாம். வானிலை அலுவலகத்துக்குப் போகலாம். கல்பாக்கத்தில் வேலை கிடைக்கலாம். ஆராய்ச்சி செய்யலாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மொத்தத்துல வாத்தியார் ஆவலாம்ன்றீங்க” என்று சிரித்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “கரண்ட்டு போனாலும் நிக்காத படிப்பா கீது. போய்ப் படிம்மா. சீட்டு மட்டும் வாங்கிடு.”

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி எழுந்துபோய் ஒரு சிட்டிகை உப்பைக் கேஸ் அடுப்பில் தூவிப் பார்த்தார். சுடர் மஞ்சளாகி அடங்கியது. “இதைக் கண்டுபிடிக்கறதுக்கா எம்.எஸ்சி., எம்.பில். எல்லாம் படிச்சீங்க?” என்றார். அதன் பிறகு விருந்தாளிகள் யார் வந்தாலும் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டும். உப்பு போடும் பங்கு அவருடையது.

அந்த மாணவிக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. ஆசிரியையை விடைத்தாள் திருத்தும் முகாம்களில் சந்திக்கும்போதெல்லாம் செய்தி வரும். முதுகலை முடித்தாள், பின்பு மருத்துவ இயற்பியல் என்ற மேற்படிப்பு, பின்பு ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை. கதிர்வீச்சு எந்தக் கோணத்தில், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டுக் கொடுப்பது மருத்துவர் அல்லர், இயற்பியல் படித்த ஒருவர் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அவள் தந்தையிடம் நான் சொன்னவற்றில் அது இல்லை.

சென்ற ஆண்டு என் மனைவிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. அது வேறு மருத்துவமனை. அங்கே கணக்கிட்டவர் நான் அறியாத ஓர் இளைஞர். நாள்தோறும் அவர் வந்து, மனைவியின் தோளில் இட்டிருந்த குறியையும் கருவியின் கோணத்தையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, “அசையாம இருங்கம்மா, முடிஞ்சிடும்” என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். வெளியே இருக்கையில் நான் காத்திருப்பேன். அந்தச் சிகிச்சை நோயைத் தீர்க்கவில்லை. அப்படித் தீர்க்கும் என்று யாரும் சொல்லவுமில்லை. எலும்பில் இருந்த வலியை அது எடுத்துவிட்டது. கடைசி மாதங்களில் என் மனைவி இரவெல்லாம் நன்றாகத் தூங்கினார்.

இயற்பியல் படித்தால் என்ன ஆகலாம் என்று இப்போதும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள்; வேலைகளின் பெயர்களைச் சொல்லி முடித்தபின், அந்தப் படிப்பால் முகம் தெரியாத ஒருவர் வலியில்லாமல் உறங்கலாம் என்பதையும் நான் சேர்த்துச் சொல்கிறேன்.