பத்தாம் நம்பர் செருப்பு

மயிலாப்பூரில் வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னபோது ஆபீஸில் எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். சேஃப் ஏரியா, கோயில் பக்கம், கௌரவமான மனுஷர்கள். தனியாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார்கள். அம்மா போன பிறகு தி. நகர், அடையாறு என்று அலைந்து, "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் அங்கே வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். குடியிருப்பின் செயலாளர் சரி என்றால் தனக்கும் சரி என்றார். செயலாளர் ரிட்டயரான மனிதர், எனக்கு எதிர்வீடு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே நிபந்தனை போட்டார். ஆண்கள் யாரும் வந்து தங்கக் கூடாது, மீறினால் காலி செய்ய வேண்டியதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. வருவதற்கு யாராவது இருந்தால் அல்லவா.

குடிபோன சில மாதங்களில் பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்தார்கள். அதற்கு அடுத்தாற்போல், குளத்துப் பக்கம் விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். ஊரில் தினம் நடப்பதுதான். ஆனால் பேப்பரில் படிக்கும்போது வராத பயம் பக்கத்துத் தெரு என்றதும் வந்துவிடுகிறது. போலீஸ்காரம்மா ஒருவர் வீடு வீடாக வந்து எச்சரித்துவிட்டுப் போனார். என்னிடம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, குரலைத் தாழ்த்தி, "நீங்க தனியா இருக்கறது வெளிய தெரியாமப் பாத்துக்கங்கம்மா" என்றார்.

எப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வது? நம் ஊரில் வாசலைப் பார்த்தாலே போதும், உள்ளே எத்தனை பேர், விருந்தாளி வந்திருக்கிறாரா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாயிற்றா என்று சொல்லிவிடலாம். என் வாசலில் ஒரே ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு. திருடனுக்கு அதைவிட வேறு அழைப்பு எதற்கு?

ஆபீஸில் கூட வேலை செய்பவள் ஒருத்தி வழி சொன்னாள். அவளும் கொட்டிவாக்கத்தில் தனியாகத்தான் இருக்கிறாள். ஒரு ஆண் செருப்பை வாங்கி வாசலில் போட்டு வை, பாதி பயம் போய்விடும் என்றாள். அன்று சாயங்காலமே லஸ் பஸ் ஸ்டாப்பில் இறங்கி பிளாட்பாரக் கடைக்குப் போனேன்.

"இன்னா சைஸுக்கா?" என்றார் கடைக்காரர். நான் விழித்தேன். "சாரு உயரமா, குள்ளமா? அத்தச் சொல்லு, நான் எடுத்துத் தரேன்."

ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "உயரம்தான்" என்றேன். பத்தாம் நம்பர் எடுத்துக் கொடுத்தார். பத்தவில்லை என்றால் சாரையே இட்டுக்கினு வா, மாத்திக்கலாம் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதுச் செருப்பை எந்தத் திருடன் நம்புவான்? மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டு சரட் சரட்டென்று நடந்து அழுக்காக்கினேன். ஜோடியாக, ஒழுங்காக விட்டாலும் சந்தேகம் வரும். ஆம்பளைகள் அப்படியா விடுகிறார்கள்? தினம் காலையில் ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியுமாகக் காலால் தள்ளிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன். சாயங்காலம் பாதிப் படி ஏறித் திரும்பும்போது முதலில் அதுதான் கண்ணில் படும். யாரோ வீட்டில் இருக்கிறார்கள் என்று மனசு ஒரு கணம் நினைத்துவிடும். நான் வைத்த செருப்பு என்று தெரியாமலா? தெரியும். தெரிந்தும், கொஞ்சம் வேகமாகப் படியேறுவேன்.

திருடன் அதைப் பார்த்தானோ இல்லையோ, எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டாள். செயலாளரின் மனைவி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்தார்கள். மெட்ரோ வாட்டர் சரியாக வருகிறதா என்று விசாரித்தார்கள். காப்பி குடித்து முடித்த பிறகு மாமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்காத்து வாசல்ல ஒரு ஆம்பளை செருப்பு ரொம்ப நாளா கெடக்கறதே, அது யாருது?"

வீட்டுக்காரர் வரைக்கும் விஷயம் போய்விட்டது என்றார் செயலாளர். உண்மை என்றால் மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். மறுபடி வீடு வீடாகப் படியேறி, மறுபடி அதே பதிலைக் கேட்க என்னிடம் தெம்பில்லை. போலீஸ்காரம்மா சொன்னது, லஸ் கடை, மொட்டை மாடி நடை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கட்டுக்கதை மாதிரி இருந்தது. செயலாளர் மோட்டுவளையைப் பார்த்தார். வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாமி நிஜமாகவே எழுந்துவிட்டாள்.

படுக்கையறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பாத்ரூம் விளக்கைப் போட்டாள். அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றாள். நானும் செயலாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்த மாமியின் முகம் தெளிந்திருந்தது.

"ஒருத்தரும் இல்லை. ஒரு பிரஷ், ஒரு துண்டு, சிங்க்ல ஒரே ஒரு தட்டு. நல்லதாப் போச்சு" என்றாள் அவரிடம். பிறகு என் தோளைத் தட்டி, கவலைப்படாதீங்கோ, நாங்க பேசிக்கறோம் என்றாள். பாசமாகத்தான் சொன்னாள்.

வீடு தப்பியது. ஆனால் பேசின வாய்களை மூட வேண்டுமே என்று செயலாளர் அன்று மத்தியானமே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அதில் எல்லா வீடுகளும் உண்டு, வீட்டுக்காரர் உண்டு, தண்ணீர் லாரிக்காரரிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் வரை எல்லாரும் உண்டு.

"இரண்டாவது மாடி விஷயம் நேரில் விசாரிக்கப்பட்டது. அந்த அம்மாள் தனியாகத்தான் வசிக்கிறார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. யாரும் தவறாக நினைக்க வேண்டாம். படித்தவர்கள் கட்டைவிரல் போடவும்."

ஒவ்வொன்றாக விழுந்தன. கீழ்த்தளம் போட்டது, மூன்றாவது மாடி போட்டது, நான் முகம்கூடப் பார்த்திராதவர்கள் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரரும் போட்டார். கொஞ்ச நேரத்தில் செயலாளர் எனக்குத் தனியாக எழுதினார். எல்லாரும் போட்டாயிற்று, நீங்கள்தான் பாக்கி.

அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நானும் கட்டைவிரல் போட்டேன்.