எஞ்சின் இல்லாத லொறியைத் தள்ளிய ஒழுங்கை

மண்ணெண்ணெய் வாசத்தோடு பாண் தின்ற அனுபவம் உங்களுக்கு உண்டோ தெரியாது, எனக்கு உண்டு. ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பாணும் பருப்பும் சம்பலும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து சாப்பிடும் கோழிக்கறியும்கூட அந்த வாசத்தோடுதான் தொண்டைக்குள் இறங்கின. காரணம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்த எங்கள் சின்ன வீட்டின் முன்னறையில், அம்மா தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைத்திருந்த சிவப்புச் சீமெந்துத் தரையில், அப்பாவின் லொறி எஞ்சின் துண்டுதுண்டாகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. அம்மா உடுப்பு ஊறவைக்கிற பெரிய பேசினில் அதன் உறுப்புகள் முறை வைத்து மண்ணெண்ணெய்க் குளிப்புக் குளித்துக்கொண்டிருந்தன.

அப்பா துறைமுகத்திலிருந்து மொத்தக் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர். அதற்கு முன் துறைமுக வேர்க்ஷொப்பில் வேலை செய்தவர் என்பதால் எஞ்சின் என்றால் அவருக்குப் பயம் கிடையாது, பாசம்தான் கொஞ்சம் கூட. லொறி என்னைவிட மூத்தது. அதற்கு நோய் வந்தபோது அப்பா, கட்டிலில் கிடக்கும் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல, "புகை தள்ளுது", "ஒயில் குடிக்குது", "மூச்சு இல்லை" என்று நாள்தோறும் அம்மாவிடம் வந்து சொன்னார். வேறு காலமாக இருந்தால் மருதானையில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டிருப்பார். அது யுத்த காலம். தமிழன் ஒருவனின் லொறி தெரியாத தெருவில் நாள்கணக்கில் நின்றால் அங்கே உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள், பொலிஸ் என்ன கேட்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்கட ஒழுங்கையில எண்டா எல்லாருக்கும் என்னைத் தெரியும். இங்கயே கழற்றுவம்" என்றார்.

கழற்றிய நாள் எங்களுக்குத் திருவிழாத்தான். துறைமுகத்து நண்பர்கள் மூன்று இரும்புக் குழாய்களை லொறியின் முன்னால் கூம்பாக நிறுத்தி, உச்சியில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, எஞ்சினை மெல்ல மெல்லத் தூக்கினார்கள். அது அந்தரத்தில் ஆடிக்கொண்டு நிற்க, லொறியைப் பின்னால் தள்ளிவிட்டு, எஞ்சினைப் பலகையில் இறக்கி, குழாய்களின் மேல் உருட்டி எங்கள் வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவந்தார்கள். அம்மா அந்தோனியார் படத்தின் முன்னே கைகட்டி நின்று தன் தரையை ஒருமுறை பார்த்தார், பிறகு கோணிச் சாக்கை எடுத்து வந்து தானே விரித்துவிட்டார்.

அடுத்த நாளே எங்கள் பகுதிப் பொலிஸ் சார்ஜன் வந்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் கொழும்பில் ஓடுகிற வாகனத்தைவிட, உள்ளே குண்டு இருக்குமோ என்று, அசையாமல் நிற்கிற வாகனத்துக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள், அவரும் பயந்தார். இந்த ஒழுங்கையில் எந்த வாகனமும் ஒரு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் இழுத்துக்கொண்டு போவோம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். இழுத்துப் போன வாகனம் திரும்பி வந்த கதையை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. வாகனத்தைத் தேடிப் போன ஆளும் "விசாரணை" என்று உள்ளே போய்விடலாம். எஞ்சின் முன்னறையில் கிடக்க, லொறி பொலிஸ் முற்றத்தில் துருப்பிடிக்க, அப்பா எங்கே இருப்பார் என்பதுதான் அம்மாவின் கவலை.

ஓடாத லொறியை நகர்த்துவது எப்படி? தள்ளத்தான் வேண்டும். அன்று மாலை அப்பா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். வந்தார்கள். துறைமுகத்தால் வந்து முகம் கழுவாதவர்கள், சலூன்காரர், முஸ்லிம் தையல்காரர், ரியூஷனுக்குப் போகாமல் தப்பிய பையன்கள் என்று எல்லோரும் பின்னால் கை வைத்தார்கள். பலமுள்ள அப்பா தள்ள வேண்டியவர் என்பதால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியிராத அம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அன்று தொடங்கி தினமும் மாலையில், எஞ்சின் இல்லாத லொறி அம்மாவின் சாரத்தியத்தில் ஒழுங்கையில் ஒரு நாள் மேலேயும் மறுநாள் கீழேயுமாக ஊர்வலம் போயிற்று. நானும் தம்பியும் சக்கரத்துக்கு அடை கொடுக்கும் மரக்கட்டையோடு பக்கத்தில் நடந்தோம். "மிஸிஸ், லைசன் எடுத்துட்டீங்களா?" என்று சலூன்காரர் கேட்பார். அம்மா கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "ஹோன் அடிக்கட்டோ?" என்பார்.

எல்லோருக்கும் இது சிரிப்பாக இருந்தது, சோமா ஆன்ட்டி ஒருவரைத் தவிர. அவர் ஒழுங்கையின் நடுவே தன் வீட்டு முன்பக்கத்தில் "கொமியூனிகேஷன்" நடத்தி வந்த சிங்களப் பெண்மணி. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு பேச வருகிறவர்களுக்குத் தொலைபேசியும், போட்டோக்கொப்பி மெஷினும் வைத்திருந்தார். லொறி அவர் கடையின் முன் நிற்கும் முறை வரும் நாளில் பெயர்ப் போர்ட் மறைந்துவிடும், வாடிக்கை குறைந்துவிடும். "ஐயோ, இன்றைக்கும் என்ட வாசலா?" என்று சிங்களமும் தமிழும் கலந்து முணுமுணுத்துக்கொண்டே, அவரும் வந்து ஒரு மூலையில் கை வைப்பார். அவரை எனக்கு அப்போது பிடிக்காது. இதையும் சொல்லத்தானே வேண்டும்.

வீட்டுக்குள் வேலை அதன் போக்கில் நடந்தது. "எஞ்சினுக்கு அவசரக்காரனைக் கண்டாப் பிடிக்காது" என்பது அப்பாவின் வாக்கு. வால்வு அரைப்பதை அம்மா எடுத்துக்கொண்டார். வால்வில் கரகரப்பான களிம்பைப் பூசி, அது அமரும் குழியில் வைத்து, ரப்பர் முனைத் தடியை உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவதுபோல் உருட்ட வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்க, அம்மா ஜெபமாலையைச் சொல்லியபடியே அரைத்தார். என்னையும் பழக்கினார். எஞ்சினின் உடலான புளொக்கை மட்டும் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அதன் தேய்ந்த துளைகளை மெஷினில் கடைந்தெடுக்க மருதானைக்கு அனுப்பியிருந்தார்கள். அது வந்தால் பொருத்தலாம் என்ற நிலையில்தான் அந்தக் காலை வந்தது.

புளொக்கை எடுத்து வர அப்பா விடியவே புறப்பட்டுப் போயிருந்தார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துக் கட்டும்போது சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பேசினிலிருந்த மண்ணெண்ணெய் அலை அடித்தது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, எங்கோ குண்டு என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஒழுங்கையில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அம்மா எங்கள் இருவரையும் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். லொறி சோமா ஆன்ட்டியின் கடைக்கு முன்னால் நின்றது. முதல் நாள் மாலை அங்கேதான் தள்ளி விட்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் பொலிசும் ஆர்மியும் வந்தார்கள். நமக்குத் தெரிந்த சார்ஜன் இல்லை, புது அதிகாரி. லொறியைச் சுற்றித் துவக்குகளோடு நின்றுகொண்டு, யாருடையது என்று உரத்துக் கேட்டார். அம்மா கதவின் கொளுக்கியில் கை வைத்தார்.  அப்பா எங்கே என்று கேட்டால், லொறிக்காரத் தமிழன் குண்டு வெடித்த காலையில் வீட்டில் இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்? அம்மா கொளுக்கியைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து சோமா ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"அப்பே லொறிய."

எங்கள் லொறி என்றார். கடைக்கதவைப் பாதி திறந்து, வெளியே வந்து, படியில் நின்று சொன்னார். அதிகாரி முன்மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே எஞ்சின் இருக்க வேண்டிய இடம் வெறும் பொந்து. அதைப் பார்த்துச் சிப்பாய்கள் இரண்டடி பின்னுக்குப் போனார்கள். "எஞ்சின் எங்கே?" என்று அதிகாரி கேட்க, "அந்த வீட்டில், வாருங்கள் காட்டுகிறேன்" என்று சொல்லி, சோமா ஆன்ட்டியே அவர்களுக்கு முன்னால் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அதிகாரி முன்னறையைப் பார்த்தார். அந்தோனியார் படத்தின் கீழ் ஈயத்தாளில் சுற்றிய புதுப் பிஸ்டன்கள், சாக்கின் மேல் வால்வுகள், பேசின், பாண் துண்டு, பயந்த பிள்ளைகள். பிஸ்டன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தார். அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்தார். அப்பா மருதானைக்குப் புளொக் எடுக்கப் போனதை அம்மா சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அம்மாவை விட்டுவிட்டு சோமா ஆன்ட்டியைக் கேட்டார்: "நீங்கள் பொறுப்பா?" அவர் "ஒவ்" என்றார். ஆம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய பெயரும் விலாசமும் பொலிசிடம் போயின.

அப்பா பின்னேரம்தான் வந்தார். வழியில் செக்பொயின்ட் ஒவ்வொன்றிலும் புளொக்கை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்களாம். கைவண்டிக்குப் பின்னால், சேர்ட்டெல்லாம் ஒயிலாக, நடந்தே வந்து சேர்ந்தார். அம்மா அழுது முடித்தபின் நடந்ததைச் சொன்னார். அப்பா கைகூடக் கழுவாமல் நேரே கொமியூனிகேஷனுக்குப் போனார்.  சோமா ஆன்ட்டி, "சரி சரி, இப்ப அதைத் தள்ளுங்கோ, நாளைக்கும் என்ட வாசல்ல வைக்க வேணாம்" என்று சத்தம் போட்டது எங்கள் வீடு வரை கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அன்று யாரும் பகிடி விடவில்லை. ஆனால் வழக்கமாக வருகிற எல்லோரும் வந்தார்கள், அம்மா ஏறி உட்கார்ந்தார், லொறி ஒழுங்கை முனையிலிருந்த அந்தோனியார் சிலைக் கூட்டடிக்குப் போய் நின்றது.

பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தன. பிஸ்டன் ஏறியது, மேல்மூடியான ஹெட் பூட்டப்பட்டது, மூன்று குழாய்களும் கப்பியும் திரும்ப வந்தன, எஞ்சின் அதன் பொந்தில் இறங்கியது. அப்பா டீசல் குழாயிலிருந்த காற்றைப் போக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. தையல்காரர் தன் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் லொறி துறைமுகத்துக்குப் போய்விட்டது. மாலையில், வழக்கமான நேரத்துக்கு, ஆட்கள் பழக்கதோஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், கொஞ்ச நேரம் நின்று கதைத்தார்கள். அது பல மாதங்கள் நடந்தது.

இன்று அந்த ஒழுங்கையில் எங்கள் வீடு இல்லை. அந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு நிற்கிறது. லொறி இரும்புக்குப் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். ஒழுங்கையின் இரு பக்கமும் கார்கள் நாள்கணக்கில் அசையாமல் நிற்கின்றன, யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அது நல்லதுதான், அந்தப் பயம் திரும்பி வர வேண்டாம்.

சோமா ஆன்ட்டி ஹெந்தளையில் மகளோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். இத்தனை வருடமாகச் சொல்ல நினைத்த நன்றியைச் சொல்லிவிட்டு, எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நம்பிக்கையா? எனக்கு நல்ல பயம், மகள். என்ட வாசல்ல நிண்ட நாளெல்லாம், கடை திறக்க முதல் ரோர்ச் அடிச்சு லொறிக்குக் கீழ பாப்பேன். உன்ட அப்பாவுக்குத் தெரியாம வேற யாரும் குண்டு வச்சிருந்தா?"

 தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு தொடர்ந்தார்.

"குண்டு வெடிச்ச அண்டைக்கு மட்டும் பாக்கல்ல. பொலிஸ்காரங்க முந்தி வந்துட்டாங்க."