மெஹராஜ் மாமியின் வெள்ளிக்கிழமைச் சட்டி

மெஹராஜ் மாமியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு சோயா சாஸ் பாட்டில் இருந்தது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அவர் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்து மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம். வெளியே சாத்தியிருந்த இரும்பு ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் என் வாசலில் நீட்டினார்.

"தம்பி, இந்த டக்கன கொஞ்சம் தொறந்து தாரியளா?"

நான் வள்ளியூர்ப் பக்கம் மண்வெட்டி பிடித்து வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இரண்டையும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். மூடியைத் திருகினேன். அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பாட்டில் புதிது அல்ல, பாதி காலியாகியிருந்தது.

"போன தடவ யாரு மாமி மூடினது? இந்த முறுக்கு முறுக்கியிருக்காவ?"

"நான் மூடல" என்றார். "சாயிமாவும் மூடல."

மாமியும் மகள் சாயிமாவும் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் மூடியைக் கொதிநீரில் காட்டித்தான் திறந்தோம். கொதிநீருக்காகக் கீழே போனவனை "இருங்க, நாலு நிமிசத்துல ஆயிரும், சாப்பிட்டுப் போங்க" என்று உட்காரவைத்தார். அந்த நாலு நிமிடத்தை எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பார்த்துவிட்டேன். கறியை முதலிலேயே நாருக்குக் குறுக்காகக் காகிதம்போலச் சீவி, சோயா சாஸும் கார்ன்ஃப்ளவரும் வெள்ளை மிளகுத் தூளும் பிசைந்து வைத்திருப்பார். பம்பாயில் பீஃப் என்றால் எருமைக் கறிதான். குடைமிளகாய், கேரட், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் எல்லாம் ஒரே அளவு நறுக்கலில் வரிசையாக இருக்கும். அடுப்பு வீட்டு அடுப்பு அல்ல. தள்ளுவண்டியில் வைக்கிற பெரிய பர்னர். அதை மூட்டினால் சந்து முழுக்க உஸ்ஸென்று இரைச்சல் கேட்கும். இரும்புச் சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் கறி விழும். புரட்டி எடுத்துவிட்டு இஞ்சி, பூண்டு. பிறகு காய். வேகக் கூடாது, வாடினால் போதும். மறுபடி கறி, சாஸ், கடைசியில் ஒரு சொட்டு வினிகர்.

மாமி கரண்டியைச் சட்டிக்குள் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார். தட்டு எடுக்கத் திரும்பினார். அவர் முதுகு சட்டிக்கு, முகம் எனக்கு.

டக் டக். ஒரு இடைவெளி. டக்.

இரும்பின் விளிம்பில் இரும்பு பட்ட சத்தம். கரண்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் பிடி மட்டும் லேசாக ஆடி நின்றது.

"சூட்டுக்குச் சட்டி விரியுது மாமி" என்றேன். படித்தவன் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

"ஆமா" என்றார் மாமி. மூன்று தட்டு எடுத்தவர் நாலாவதாக ஒன்றை எடுத்து, அதில்தான் முதலில் பரிமாறினார்.

கதையை எனக்குச் சொன்னவர் சொரிமுத்து. எனக்கு இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தவர். சந்து முனையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். மாமியின் கணவர் அப்துல் ஹாதி மாட்டுங்கா லேபர் கேம்பில் சைனீஸ் வண்டி போட்டிருந்தார். ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் ஒரு தட்டல் உண்டு. பண்டம் தயார் என்று சட்டி விளிம்பில் கரண்டியால் தட்டுவது. ஹாதியின் தட்டல் வேகமாக இரண்டு, நின்று ஒன்று. ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்கள்கூட அதைக் கேட்டுத் தங்கள் தட்டை வாங்க வருவார்களாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்து வந்து வண்டியில் அடுப்பு மூட்டினார். நாலு பேர் சாப்பிடக் காத்திருந்தார்கள். எண்ணெய் புகைந்தது. பிறகு கருகியது. ஆள் இல்லை. எப்போது போனார், எந்தப்பக்கம் போனார் என்று நாலு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. செருப்பு வண்டிக்குக் கீழே கிடந்தது.

"தட்டல் மட்டும் கேட்டுச்சாம் வே" என்றார் சொரிமுத்து. "பண்டமே போடல, தட்டல் கேட்டுச்சுன்னு நாலு பேரும் ஒண்ணுபோலச் சொன்னானுவ."

போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார்கள். பிணவறையிலும் பார்த்தார்கள். ஊர் முழுக்க "ஹாதி மௌத்து", இறந்துவிட்டார் என்று முடிவுகட்டியது. மாமி மட்டும் கட்டவில்லை. இறந்தவர்களுக்கு ஓதுகிற பாத்திஹாவை ஓத விடவில்லை. வண்டியை விற்றார். பர்னரையும் சட்டியையும் கரண்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளிதோறும் கணவர் செய்கிற மாதிரியே சமைத்தார். முதல் வெள்ளிக்கிழமையே தட்டல் கேட்டதாம்.

"மௌத்தானவுக சட்டியத் தட்டுவாவளா தம்பி?" என்று மாமி என்னிடமே ஒருநாள் கேட்டார். "வெளியூர்ல இருக்கவுக வாரத்துக்கு ஒரு போன் போடுதாவல்லா, அதுமாதிரி."

நான் செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வார விடுப்பு வெள்ளி. அதனால் பாட்டில் திறக்கிற வேலை எனக்கென்றே ஆகிப்போனது. ஒவ்வொரு வாரமும் மாமி மூடியை விரல் நுனியால் தொட்டுத்தான் மூடிவைப்பார், நானே பார்த்திருக்கிறேன். அடுத்த வெள்ளி அது பூட்டுப் போட்டதுபோல இறுகியிருக்கும். ஹாதி எதை மூடினாலும் அப்படித்தான் மூடுவார் என்று சாயிமா சொன்னாள். நாலாவது தட்டை யாரும் தொடுவதில்லை. மற்றத் தட்டுகளில் ஆவி பறக்கும்போதே அது ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததுபோலச் சில்லிட்டிருக்கும். ஒருமுறை தெரியாத்தனமாக அதைத் தொட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பயமா என்றால், பயம்தான். ஆனாலும் போனேன். வெள்ளிக்கிழமை ஒரு மணியானால் என் காது தானாகக் கீழே போய்விடும்.

இந்த வருடம் சாயிமாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. விக்ரோலியில் இருக்கும் பையன், பெயர் சைஃப். கத்தாரில் வேலை, ஒரு மாத லீவு. பையன் வீட்டாரின் சொந்தபந்தம் எல்லாம் மேலப்பாளையத்தில் இருப்பதால் பத்திரிகை தமிழில்தான் வேண்டும் என்றார்கள். சாயிமா பம்பாயில் பிறந்து இந்தியில் படித்தவள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் "சப் கோல் கோல் திக்தா ஹை, ஜிலேபி மாதிரி" என்பாள். மாமி அஞ்சாவது வரை படித்தவர். சொரிமுத்து, "நம்ம சுரேந்திரன் இருக்காம்லா, டிகிரி படிச்சவன், அவன் எழுதட்டும்" என்று என் பெயரைச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

மணமகள் பெயருக்குக் கீழே தந்தை பெயர் வரவேண்டிய வரியில் பேனா நின்றது. அழைப்பவர் இடத்தில் மாமியும் அவர் தம்பி கரீம் பாட்சாவும் இருந்தார்கள். சொரிமுத்து கடையில் தொங்கிய பழைய பத்திரிகைகளைப் பார்த்தேன். தாய் அழைக்கிற பத்திரிகை எல்லாவற்றிலும் தந்தை பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' இருந்தது. நம் பக்கம் அமரர் என்று போடுவதுபோல. மூன்று வருடம் ஆகிவிட்டது. செருப்பு இல்லாமல் போன மனிதர் இனி எங்கே வரப்போகிறார்? மேலப்பாளையத்துக்காரர்கள் தகப்பன் ஏன் அழைக்கவில்லை என்று வாய்க்கு வந்ததைப் பேசுவார்களே. எழுதினேன்: மர்ஹூம் அப்துல் ஹாதி. சாயிமாவிடம் ப்ரூஃப் காட்டினேன். "பஸ், அச்சா திக்தா ஹை அண்ணா" என்றாள், பார்க்க அழகாக இருக்கிறதாம். மாமியிடம் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கணவன் மௌத்து என்று ஒரு மனைவி ஏற்றுக்கொண்டால் அன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள் அவள் இத்தா இருக்கவேண்டும். வீட்டைவிட்டு வெளியே இறங்கக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. கல்யாணத்துக்கு இருந்தது பன்னிரண்டு நாள். அப்துல் ஹாதி உயிரோடு இருந்தால்தான் மெஹராஜ் மாமி மகள் கல்யாண மண்டபத்தில் நிற்கமுடியும்.

பத்திரிகைக் கட்டு வியாழன் சாயங்காலம் மாமி வீட்டுக்கு வந்தது. மறுநாள் மாமி பாட்டிலோடு ஏணியில் ஏறி வரவில்லை. நானே இறங்கிப் போனேன். பாட்டில் திறந்து, மூடி பக்கத்தில் கிடந்தது.

"இன்னைக்கு லூசா இருந்துச்சு" என்றார் மாமி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

கறி விழுந்தது. காய் விழுந்தது. வினிகர் வாசனை எழுந்தது. மாமி கரண்டியைச் சாய்த்து வைத்தார், அடுப்பை அணைத்தார், திரும்பி நின்றார். இரைச்சல் அடங்கிய வீட்டில் மின்விசிறி மட்டும் சுற்றியது. சந்தில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சாயிமா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒன்றுமில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். மாமி நாலாவது தட்டில் பரிமாறி, அதன் அடியில் கையை வைத்துப் பார்த்தார். "சுடுது" என்றார். எல்லாத் தட்டையும் போல அதிலும் ஆவி பறந்தது. இத்தனை வாரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்த ஆவியைப் பார்த்துத்தான்.

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகைக் கட்டைப் பிரித்தார். ஒன்றை எடுத்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். பிஸ்மில்லாஹ் தாண்டி, தேதி தாண்டி, மகள் பெயர் தாண்டி, அந்த வரியில் விரல் நின்றது.

"ம... ர்... ஹூ... ம்."

"மாமி..."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"க்யா ஹுவா? என்ன எழுதியிருக்கு?" என்றாள் சாயிமா. நான் சொன்னேன். அவள் முகம் மாறியது. "பாகல் ஹோ கயா க்யா அண்ணா, பைத்தியமா? உம்மா இத்தா இருக்கணும், தெரியுமா? உம்மா என் நிக்காஹ்ல இருக்கமாட்டாங்க! எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க!"

சொரிமுத்துவைக் கூப்பிட ஓடினேன். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். "ஒண்ணுமில்ல லாத்தா, அந்த எழுத்து மேல தங்கக்கலர் ஸ்டிக்கர் ஒட்டிருவோம். பூ டிசைன். ஒரு பயலுக்கும் தெரியாது" என்றார்.

மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"யாருக்குத் தெரியக் கூடாது? இந்த வீட்ல தமிழ் நல்லா வாசிக்கத் தெரிஞ்சவுக அவுக ஒருத்தர்தான். ராத்திரியே வாசிச்சிட்டாவ."

சொரிமுத்து என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"மாமி, மன்னிச்சிருங்க. நான் பாட்டுக்கு..."

"நீ என்ன செய்வ தம்பி. மூணு வருசமா வெள்ளிக்கெழம ஆனா அடுப்ப மூட்டி அவுகள வா வான்னு கூப்பிட்டது நான். போகவும் விடல, உக்காரவும் இடமில்ல. எம்புட்டுக் கஷ்டம் பட்டாவளோ." சட்டியிலிருந்து கரண்டியை எடுத்துத் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டார். "ஸ்டிக்கர் வேண்டாம். எழுதுனது இருக்கட்டும்."

"உம்மா!"

"நிக்காஹ இங்கனயே வச்சுக்குவோம் சாயிமா. மண்டபம் வேண்டாம். நான் திரைக்கு அந்தப்பக்கம் இருப்பேன், நீ இந்தப்பக்கம் இரு. எங்கையப் புடிச்சுக்கிட்டே சம்மதம்னு கபூல் சொல்லு."

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஓதுவதற்குப் பள்ளிவாசல் லெப்பை வந்தார். பாத்திஹாவுக்கு நெய்ச்சோறோ தேங்காய்ச்சோறோ இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர், ஊதுபத்திக்கு முன்னால் குடைமிளகாயும் கறியுமாக இருந்த தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்ன லாத்தா, சைனீஸா?"

"அவுகளுக்குப் புடிச்சது அதுதான்."

லெப்பை ஓதினார். நான் ஏணியின் கீழே தலையில் கைக்குட்டை கட்டி நின்றேன். ஓதி முடித்து அவர் 'ஆமீன்' சொன்னபோது, ஒரே ஒரு நொடி, வெறுங்காலில் யாரோ ஈரத் தரையைத் தாண்டிப் போனதுபோல என் பக்கத்தில் ஒரு சத்தம். சொரிமுத்துவும் திரும்பிப் பார்த்தார். சந்தில் யாருமில்லை.

அடுத்த நாலு மாதம் பத்து நாள் நான் மாமியைப் பார்க்கவில்லை. பலகைத் தரைக்குக் கீழே அவர் நடப்பதும் இருமுவதும் கேட்கும், அவ்வளவுதான். நிக்காஹ் அன்று சந்தில் பந்தல் போட்டு, கரீம் பாட்சா தகப்பன் இடத்தில் பொறுப்பேற்கும் 'வலி'யாக இருந்து நடத்திக்கொடுத்தார். உள்ளே நீலத் திரைக்கு நடுவில் இருந்து ஒரு கை வெளியே வந்து சாயிமாவின் மருதாணிக் கையைப் பிடித்திருந்ததாகப் பெண்கள் வந்து சொன்னார்கள். ஹாதி பெயரைப் படிக்கும்போது மர்ஹூம் சேர்த்தே படித்தார்கள்.

ஒரு மனிதனை நான் எழுதிக் கொன்றேனா, இல்லை எழுதி விடுவித்தேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கள் கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை. அதற்குப் பிறகு யாருக்கும் பத்திரிகை எழுதிக் கொடுப்பதில்லை.

மெஹராஜ் மாமி இப்போது விக்ரோலியில், சாயிமாவின் வீட்டில் இருக்கிறார். நாலாவது மாடி. பக்கத்துக் கட்டடப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுக்கிறார். அப்துல் ஹாதியின் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் இன்னும் காணாமல் போனவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது.